பழைய ஜீப்புக்குப் புது ஷாக், ஸ்பிரிங் வாங்கறீங்களா? முதல்ல எடை மேடைக்குப் போங்க!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோடு பக்கம் போனால் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை வரிசையாகப் பார்க்கலாம். ஜிப்ஸி, மஹிந்திரா 540, முதல் தலைமுறை தார் என்று ஒவ்வொன்றும் ஒரு ரகம். சில வண்டிகள் தடாகம் ரோட்டைப் பிடித்து ஆனைகட்டிக்குப் போகும். சில பொள்ளாச்சி தாண்டி ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகும்.

இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒருநாள் வரும் கேள்வி இது: "வண்டி ரொம்பத் தூக்கிப் போடுதுங்க. ஷாக்கை மாத்தணுமா, ஸ்பிரிங்கை மாத்தணுமா?"

பல இடங்களில் ஒரே பதில்தான் கிடைக்கும். "ரெண்டையும் மாத்திருங்க. கூடவே ரெண்டு இன்ச் தூக்கிட்டா கெத்தா இருக்கும்!"

கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் செலவு செய்த பிறகும் வண்டி தூக்கிப் போட்டால்? அல்லது மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது டயர் தரையை விட்டு எழும்பினால்? அதனால் காசைக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்பிரிங் வேலை வேற, ஷாக் வேலை வேற

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் இறங்கும்போது அமுங்கி, திரும்ப நிமிரும். அதை அப்படியே விட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் ஆயிலை சின்னத் துளைகள் வழியாகத் தள்ளி, ஆட்டத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றி வெளியே விடுகிறது.

அதனால் வண்டி பின்பக்கம் தொங்கினால் அது ஸ்பிரிங் பிரச்சினை. புது ஷாக் போட்டாலும் தொங்கல் நிமிராது. உயரம் சரியாக இருந்து, ஒரு ஸ்பீட் பிரேக்கர் தாண்டிய பிறகு வண்டி மூன்று நான்கு முறை ஆடினால் ஷாக் மீது சந்தேகப்படலாம்.

உங்க வண்டியில என்ன ஸ்பிரிங் இருக்கு?

1985-ல் வந்த மாருதி ஜிப்ஸிக்கு நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது நம்ம ஊர் லாரிக்காரர்கள் சொல்லும் பட்டை. மஹிந்திரா 540-க்கும் அப்படித்தான். 2010 அக்டோபரில் அறிமுகமான தாரில், சி.ஆர்.டி.இ. மாடலுக்கு முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை. முதல் தலைமுறை ஸ்கார்ப்பியோவில் பின்னால் காயில்.

டார்ஷன் பார் என்பது முறுக்கிக்கொண்டு எடை தாங்கும் ஒரு நீளமான இரும்புக் கம்பி. அதன் போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் உயரும். "செலவே இல்லாம தூக்கிட்டோம்" என்று சொல்வது இதைத்தான். ஆனால் இதனால் ஸ்பிரிங்கின் பலம் கூடாது. சக்கரம் கீழே இறங்கக்கூடிய தூரம் குறையும், வீல் அலைன்மென்ட்டும் மாறும்.

மாத்தித்தான் ஆகணுமா? வீட்டிலேயே பார்க்கலாம்

முதலில் டயர் காற்று. நிறுவனம் சொன்னதைவிட அதிகமாக அடித்திருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் தூக்கித்தான் போடும்.

அடுத்து, சமதரையில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடது வலது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

பிறகு கீழே குனிந்து பாருங்கள். பட்டையில் விரிசல் இருக்கிறதா? பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா? புஷ் பிய்ந்திருக்கிறதா? துரு பிடித்த பட்டை நகராது. வண்டி கல்லு மாதிரி இருக்கும். இதற்குப் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்த புஷ்ஷை மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

ஷாக்கின் மேல் லேசான ஆயில் பூச்சு மட்டும் இருந்தால் பயமில்லை. ஆயில் வழிந்து நனைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. டயரைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஷாக் களைத்துப் போனதற்கான அடையாளம்.

எடை மேடை எதுக்கு?

ஸ்பிரிங் வாங்கப் போனால் 'ஸ்டாண்டர்டு', 'மீடியம்', 'ஹெவி டியூட்டி' என்று கேட்பார்கள். இதில் எது உங்களுக்கு என்பதை ஊகத்தில் சொல்ல முடியாது. கொங்கு நாட்டில் மில், மண்டி, இரும்புக் கடை இருக்கும் பக்கமெல்லாம் எடை மேடை இருக்கிறது. சின்னக் கட்டணம்தான்.

முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை போடுங்கள். பிறகு முழு வண்டியையும் ஏற்றுங்கள். மொத்தத்திலிருந்து முன் எடையைக் கழித்தால் பின் எடை கிடைக்கும். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது ஒருமுறை, நீங்கள் வழக்கமாகப் போகும் ஆட்கள், சாமான்களோடு ஒருமுறை. லாரி மேடையில் எண் 5 அல்லது 10 கிலோ கணக்கில்தான் மாறும். நமக்கு அது போதும்.

பலருக்கு இங்கேதான் அதிர்ச்சி. ஜிப்ஸியே ஏறத்தாழ 1 டன் எடையுள்ள வண்டி. அதில் கனமான இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் முன்னால் 80 கிலோ எளிதாகக் கூடிவிடும். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. தோப்பிலிருந்து உரித்த தேங்காய் 200 ஏற்றினால் 100 கிலோவைத் தொட்டுவிடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் பின்பக்க வித்தியாசம் 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 100 கிலோ. ஒரு மி.மீ. அமுங்க 4 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் என்றால் வண்டி 25 மி.மீ. இறங்கும். 6 கிலோ ஸ்பிரிங் என்றால் 17 மி.மீ. இறங்கும்.

"அப்போ 6 கிலோ ஸ்பிரிங்கே வாங்கிடலாமே?" அந்த லோடு தினமும் இருந்தால் வாங்கலாம். மாதம் ஒருமுறைதான் என்றால் மீதி நாளெல்லாம் காலி வண்டி கட்டையாகத் துள்ளும், டயரின் பிடிமானமும் குறையும். எப்போதும் வண்டியிலேயே இருக்கும் எடைக்கு ஸ்பிரிங் வாங்குங்கள். எப்போதாவது ஏற்றும் எடைக்கு, லோடு ஏறினால் மட்டும் வேலை செய்யும் ஹெல்பர் பட்டை உள்ள செட் பொருத்தமானது.

பழைய பட்டையைத் தட்டி வளைச்சா போதாதா?

தளர்ந்த பட்டையை அடித்து மறுபடி வளைவு ஏற்றித் தரும் கடைகள் உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் பல வருடம் உழைத்துக் களைத்த இரும்பு அது. முறையான சூட்டுப் பதப்படுத்தல் இல்லாமல் சும்மா தட்டினால் சீக்கிரமே பழைய நிலைக்குத் தொங்கிவிடும். விரிசல் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் கூடாது. முன்னால் என்றால் முன்னால் இரண்டும், பின்னால் என்றால் பின்னால் இரண்டும்.

ஷாக்: ட்வின் டியூப்பா, மோனோ டியூப்பா?

ஸ்பிரிங்கை முடிவு செய்த பிறகுதான் ஷாக். பலமான ஸ்பிரிங் அதிக வேகத்தில் நிமிரும். அதைப் பிடித்து நிறுத்த அதற்கேற்ற ஷாக் வேண்டும். மென்மையான ஸ்பிரிங்குக்கு மிகக் கடினமான ஷாக் போட்டாலும் தப்பு. அடுத்தடுத்த குழிகளில் சக்கரம் நிமிர நேரம் கிடைக்காமல் அமுங்கியபடியே ஓடும்.

ட்வின் டியூப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். விலை குறைவு. வெளிக்குழாயில் கல் பட்டுச் சின்ன நசுங்கல் வந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் எஸ்டேட் மண் பாதையில் நீண்ட நேரம் ஓடினால் ஆயில் சூடாகி, நுரைத்து, அடக்கும் சக்தி குறையும். கேஸ் நிரப்பிய ட்வின் டியூப்பில் இந்த நுரை கொஞ்சம் மட்டுப்படும்.

மோனோ டியூப்பில் ஒரே குழாய், உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன். சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் விலை அதிகம், குழாய் நசுங்கினால் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் எமு, ஜெர்மனியின் பில்ஸ்டீன் போன்ற பெயர்கள் எல்லாம் வாரம் முழுக்க காந்திபுரம் டிராஃபிக்கிலும், மாதம் ஒருமுறை ஊட்டியிலும் ஓடும் வண்டிக்கு அவசியம் என்று சொல்ல முடியாது. கம்பெனி தரத்திலான நல்ல ட்வின் டியூப் போதும். வாரா வாரம் கரடுமுரடான பாதையில் மணிக்கணக்கில் ஓட்டுபவருக்குத்தான் மோனோ டியூப் காசுக்கு வேலை செய்யும்.

பிராண்டைவிட முக்கியம் நீளம். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும், முழுக்க அமுங்கும்போதும் ஷாக் மாட்டும் இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஷாக் நீளமாக இருந்தால், ரப்பர் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன் ஷாக்கே அடிவாங்கி உடையும். குட்டையாக இருந்தால் அச்சின் எடை முழுக்க அதிலேயே தொங்கும்.

ரெண்டு இன்ச் தூக்கினா என்ன ஆகும்?

உயரம் கூடினால் வண்டியின் எடை மையமும் மேலே போகும். வளைவில் சாய்வு கூடும். பிரேக் ஹோஸ் இழுபடலாம், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு வரலாம், ஸ்டீயரிங் இணைப்புகளின் கோணமும் மாறும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பம்பருக்கு முன்னால் மாட்டும் புல் பார்களுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதைக் கழற்றினால் சட்டச் சிக்கலும் தீரும், முன் ஸ்பிரிங்கின் சுமையும் குறையும்.

தேய்ந்ததைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியது மாட்டுவது சாதாரணப் பராமரிப்புதான். சொந்த உபயோக வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முதல் தார்களுக்கு 2025-லேயே அந்தக் கெடு வந்துவிட்டது. தூக்கிய வண்டியோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்பதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பக்கத்துல நின்னு பாருங்க

* பட்டையை அச்சோடு பிடிக்கும் யு-போல்ட்டைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்டதை மறுபடி நம்பக் கூடாது.
* ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று வண்டி எடை முழுக்க இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் பிய்யும்.
* முதல் 500 கி.மீ. ஓடிய பிறகு யு-போல்ட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.
* வீல் அலைன்மென்ட்டைப் பார்த்துவிடுங்கள். உயரம் மாறினால் ஹெட்லைட் வெளிச்சத்தின் கோணமும் மாறும். அதையும் சரி செய்யுங்கள்.

கையில காசு கம்மிதான், என்ன பண்றது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. டயர் காற்று, தேவையில்லாத எடையை இறக்குவது, புஷ், பட்டைச் சுத்தம் என்ற வரிசையில் போங்கள். இதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் ஷாக். வண்டி தொங்கினால் ஸ்பிரிங். விரிசல் விட்ட பட்டை, ஆயில் ஒழுகும் ஷாக் இரண்டுக்கும் மட்டும் இந்த வரிசை கிடையாது. அவற்றை உடனே மாற்றுங்கள்.

கடைக்குப் போகும்போது எடை மேடைச் சீட்டையும், நான்கு சக்கர உயர அளவுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். "என்ன செட் போடலாம்?" என்று கேட்பதற்குப் பதில், "பின்னால இவ்வளவு கிலோ, வழக்கமா இவ்வளவு லோடு, உயரம் கம்பெனி அளவே போதும்" என்று சொல்லுங்கள். இந்த மூன்று தகவலுக்கும் பொருத்தமான ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டும் மெக்கானிக்கிடம் தைரியமாக வண்டியை விடலாம்.