தீவுவாழ் தாய்மாரும் திட்டமிட்ட சிசேரியன் பிரசவமும்

அந்தமான் நிகோபார்த் தீவுகள் வடக்கிலிருந்து தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. 2011-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி இவற்றில் வாழ்வோர் ஏறத்தாழ 3,80,000 பேர். இம்மக்களுக்குரிய மிகப் பெரிய ஆஸ்பத்திரி, தலைநகரில் உள்ள கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரியாகும். முன்னர் போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது. மாயாபந்தரிலும் கார் நிகோபாரிலும் மாவட்ட ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. எனினும் தெற்கே கிரேட் நிகோபாரின் காம்ப்பெல் பே தலைநகரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கப்பலில் வருவதற்கு ஒரு நாளுக்கு மேலாகும். வடக்கே டிக்லிபூரிலிருந்து சாலை வழி வருவோரும் நினைத்த நேரத்தில் வந்துவிட இயலாது. ஜாரவா மக்களின் காப்பகப் பகுதியில் வாகனங்கள் குறித்த வேளைகளில் அணியாகவே செல்லவேண்டும்.

இத்தகைய நிலப்பரப்பில் ‘திட்டமிட்ட சிசேரியன்’ என்னும் சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு அண்மையில் வாழும் பெண்ணுக்குத் திட்டம் என்பது அறுவைக்குரிய நாளைக் குறித்தல். தொலைத் தீவில் வாழும் பெண்ணுக்கோ, வலி தொடங்கும் முன்பே கடலைக் கடந்து வந்து சேர்தலும் அத்திட்டத்தின் பகுதியாகும். அவள் புறப்படத் தயங்குவதற்குப் பெரும்பாலும் அறுவையைப் பற்றிய அச்சமும், வீட்டில் விட்டுச்செல்லும் மூத்த குழந்தைகளைப் பற்றிய கவலையும் காரணமாகும். இவ்விரண்டையும் நீக்கக்கூடியவர்கள் களப் பணியாளரும் ஆசிரியருமே. ஆதலின் இந்தப் பிரசவத்தில் நடப்பது என்ன என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

அச்சத்தின் பழங்காரணம்

தாயின் வயிற்றையும் கருப்பையையும் கீறிக் குழந்தையை எடுப்பதே சிசேரியன் அறுவை. முற்காலத்தில் இவ்வறுவைக்கு உள்ளான தாய் பிழைப்பது அரிது. கீறிய கருப்பையைத் தையலிடாமலே விட்டமையால் குருதிப்போக்கும் சீழும் உயிரைக் கொண்டன. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் ஸேங்கர் கருப்பையைத் தையலிட்டு மூடும் முறையை விளக்கி வெளியிட்டார். 1898-இல் அந்நாட்டவரே ஆகிய ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்யும் முறையைக் கையாண்டார். பின்னர்க் கருப்பையின் மேற்பகுதிக்குப் பதிலாக மெல்லிய கீழ்ப்பகுதியைக் குறுக்காகக் கீறும் முறை பரவியது. குருதியேற்றலும் பெனிசிலின் முதலிய மருந்துகளும் துணைக்கு வந்தன. பாட்டியார் காலத்து அச்சம் அக்காலத்திற்குப் பொருந்தியதே. தகுந்த ஆஸ்பத்திரியில், முன்னேற்பாட்டுடன் நடைபெறும் இக்காலத்து அறுவைக்கு அது பொருந்தாது.

எவருக்குத் தேவை?

எல்லாத் தாய்மாருக்கும் இது தேவையன்று. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நிகழ்ந்த பிரசவங்களில் நூற்றுக்கு 21.5 சிசேரியன் வழி நிகழ்ந்தவை. தமிழ்நாட்டில் இது 44.9. மருத்துவக் காரணம் இருக்கும்போது மட்டுமே இதனைச் செய்யவேண்டும் என்றும், காரணம் உள்ள எந்தப் பெண்ணும் இது கிட்டாமல் போகலாகாது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் வற்புறுத்தியது. தீவுகளில் இவ்விரண்டாம் பகுதியே பெரிதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

முன்கூட்டியே அறியக்கூடிய காரணங்கள் சில. நஞ்சு கருப்பையின் வாயை மூடிக்கொண்டிருத்தல் ஒன்று; இந்நிலையில் வலி கண்டால் குருதி பெருகித் தாய்க்கும் குழந்தைக்கும் உயிர்ச்சேதம் நேரலாம். குழந்தை குறுக்காகக் கிடத்தல், இரட்டையரில் முன்னுள்ள குழந்தையின் தலை கீழ்நோக்கி இராமை, முன்னைய சிசேரியன்களின் தழும்பு ஆகியவை பிற. குழந்தையின் பிட்டம் கீழ்நோக்கி இருக்கும்போதும் பெரும்பாலும் இதுவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. மாதந்தோறும் 9-ஆம் தேதி நடைபெறும் பிரதம மந்திரி சுரக்ஷித் மாத்ரித்வ அபியான் பரிசோதனை, இத்தகைய கர்ப்பங்களை முன்னதாகக் கண்டுகொள்வதற்கென 2016-இல் தொடங்கப்பட்டதாகும். கர்ப்பிணிகளை அந்நாளில் தவறாது அனுப்புதல் களப் பணியாளரின் முதற்கடமை.

நாளும் பயணமும்

வேறு அவசரம் இல்லையெனில் கர்ப்பத்தின் 39-ஆம் வாரத்தில் அறுவையை அமைப்பர். அதற்கு முன் எடுத்த குழந்தைக்கு நுரையீரல்கள் முழுதும் பக்குவமடையாமையால் மூச்சுத் திணறல் நேரக்கூடும். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து அறுவையை முன்னால் தள்ளும்படி கேட்பது இக்காரணத்தால் தவறு. நஞ்சு வாயை மூடியிருந்தால் டாக்டர்கள் அவ்வளவு காலம் காத்திராமல் 36, 37 வாரங்களிலேயே அறுவை செய்வதுண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். டாக்டர் குறித்த தேதி கருப்பையைக் கட்டுப்படுத்தாது. 39-ஆம் வாரத்திற்கு நாள் குறிக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அந்நாளுக்கு முன்பே வலி கண்டுவிடுகிறது. நகரில் இருப்பவள் அன்றே ஆஸ்பத்திரியை அடைவாள். ஹட் பேயிலோ கமோர்ட்டாவிலோ இருப்பவளுக்கு அன்று கப்பல் இராது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாயின் கடலும் இடங்கொடாது. அவசரத்திற்கு ஹெலிகாப்டர் உதவக்கூடுமாயினும் அதுவும் வானிலையைப் பொறுத்ததே. எனவே குறித்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னதாக ஆஸ்பத்திரியுள்ள ஊரில் தங்க ஏற்பாடு செய்தல் வேண்டும். நஞ்சு வாயை மூடியவர்களும் முன்பு குருதிப்போக்குக் கண்டவர்களும் இதனினும் முன்னதாகச் செல்லவேண்டும். எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டறிக. விமானத்தில் செல்வோர் நிறைமாதப் பயணத்திற்குரிய சான்றிதழை முன்னதாகப் பெறுதல் நலம்.

உடன் செல்வோர் ஒருவராயின் பெண்மணியாக இருத்தல் நன்று. குருதி கொடுக்கத்தக்க உறவினர் ஒருவரும் அருகில் இருந்தால் மேலும் நன்று. பரிசோதனைக் குறிப்பேடு, ஸ்கேன் அறிக்கைகள், முன்னைய அறுவையின் சீட்டு ஆகியவற்றை நனையாத பையில் வைத்துக் கையோடு கொண்டுசெல்லவேண்டும். தாய் வெளியூரில் இருக்கும் வாரங்களில் மூத்த குழந்தைகள் பள்ளிக்கு வருவதையும் உண்பதையும் ஆசிரியர் கவனித்துக்கொள்வதாகச் சொன்னால், பல தாய்மாரின் தயக்கம் அச்சொல் ஒன்றாலேயே நீங்கும்.

செலவைப் பற்றிய கவலைக்கும் விடை உண்டு. 2011 ஜூன் 1-ஆம் தேதி தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் திட்டத்தின்படி, அரசாங்க ஆஸ்பத்திரியில் சிசேரியன், மருந்து, பரிசோதனை, குருதி ஆகியவை இலவசம். சிசேரியன் ஆன தாய்க்கு ஏழு நாள் வரை உணவும் இலவசம். ஆஸ்பத்திரிக்கு வரவும் வீடு திரும்பவும் வாகன வசதியும் இத்திட்டத்தில் அடங்கும்.

அறுவைக்கு முன்

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் குருதியின் வகையும் ஹீமோகுளோபின் அளவும் சோதிக்கப்படும். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடுஞ்சோகை. இரும்புச்சத்து மாத்திரைகளை மாதக்கணக்காக ஒழுங்காக உண்டவளே அறுவையின் குருதி இழப்பை எளிதில் தாங்குவாள். அறுவைக்குமுன் ஏறத்தாழ ஆறு மணி நேரம் திட உணவு கூடாது; தண்ணீர் எவ்வளவு நேரம் வரை அருந்தலாம் என்பதை நர்ஸ் கூறுவார். வயிற்றில் உணவிருந்தால் அது மூச்சுக்குழாயினுள் புகுந்து கேடு விளைவிக்கும். பசிக்குமே என்று இரக்கப்பட்டு இரகசியமாகக் கஞ்சி கொடுக்கும் உறவினருக்கு இதனை எடுத்துரைத்தல் வேண்டும். ஒப்புதல் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அதிலுள்ளதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை தாய்க்கு உண்டு.

அறுவை அறையில்

கையில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றப்படும். சிறுநீர் தானே வெளியேற மெல்லிய குழாய் பொருத்தப்படும். பெரும்பாலோர்க்கு முழு மயக்கம் தருவதில்லை. முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசியிட்டதும் மார்புக்குக் கீழ் கனத்து மரத்துப்போகும். தாய் விழித்திருப்பாள், பேசலாம். அழுத்துவதும் இழுப்பதும் உணரப்படும், வலி தெரியாது. குமட்டலோ நடுக்கமோ தோன்றினால் உடனே கூறவேண்டும், அவற்றுக்கு மருந்துண்டு.

அடிவயிற்றில் 10 முதல் 15 சென்டிமீட்டர் அளவில் குறுக்காகக் கீறுவர். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் குழந்தை வெளிவந்துவிடும். நஞ்சை எடுத்து, கருப்பையையும் மேலுள்ள அடுக்குகளையும் தையலிட எஞ்சிய நேரம் செல்லும். மொத்தம் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிவுறும். கருத்தடைக்கான காப்பர்-டி பொருத்திக்கொள்ள விரும்புவோர் முன்னரே கூறியிருந்தால் அதனையும் அப்போதே செய்யலாம்.

முதல் வாரம்

மரப்பு நீங்கியதும் வலி தெரியும். அது இயல்பே. வலி மாத்திரை கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. இதற்கென டாக்டர் தரும் மருந்துகள் தாய்ப்பாலூட்டலுக்குத் தடையல்ல. இயன்றால் முதல் ஒரு மணி நேரத்திலேயே குழந்தையை மார்பில் சேர்க்கவேண்டும். சிசேரியன் ஆனவளுக்குப் பால் ஊறாது என்பது தவறான எண்ணம். சீம்பாலைப் பிழிந்து கொட்டாமலும், தேனோ சர்க்கரை நீரோ கொடாமலும் அதனையே ஊட்டுதல் வேண்டும். ஒருக்களித்துப் படுத்து ஊட்டினால் தையலின்மேல் குழந்தையின் எடை படாது.

சில மணி நேரத்தில் நீராகாரமும், பின்னர் வழக்கமான உணவும் தொடங்கும். சிறுநீர்க் குழாயை எடுத்ததும் எழுந்து நடக்கச் செய்வர். ‘அறுத்த உடம்பு, அசையக்கூடாது’ என்று படுக்கவைப்பது நன்மையன்று. அசையாத கால்களில் குருதி உறைந்து நுரையீரலை அடைத்து உயிர்க்கு இடர் செய்யலாம். இருமும்போது தலையணையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டால் வலி குறையும்.

வீடு திரும்பிய பின்

தீவுக்குத் திரும்புவோர் டாக்டரின் அனுமதி பெற்ற பின்னரே கப்பலேறவேண்டும். ஜெட்டியில் மூட்டை சுமத்தல் கூடாது. கப்பலில் இடையிடையே நடப்பதும் தண்ணீர் அருந்துவதும் அவசியம். தையல் பிரிக்கவேண்டியதாயின் எங்கே, எந்நாளில் என்பதைக் கேட்டுக்கொண்டு புறப்படுக.

புண்ணைக் கழுவித் துடைத்து உலரவைத்தாற் போதும். மஞ்சளோ சாம்பலோ தடவலாகாது. தண்ணீர் குடித்தால் சீழ் பிடிக்கும் என்று நாவறளவிடும் பழக்கத்தையும், மீனையும் முட்டையையும் விலக்கும் பத்தியத்தையும் கைவிடச் செய்யவேண்டும். புண் ஆறுதற்குப் புரதம் வேண்டும். தீவுகளில் மீனுக்குக் குறைவில்லை. இரும்புச்சத்து மாத்திரைகளை மேலும் 180 நாள் உண்ணவேண்டும். ஆறு வாரங்கள் வரை குழந்தையைவிடக் கனமான பொருளைத் தூக்கலாகாது. தண்ணீர்க் குடம் இதில் முதலாவது.

ஆஷா பணியாளர் 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டிற்குச் சென்று பார்த்தல் விதி. அப்போது கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்: 38 டிகிரி சென்டிகிரேடும் அதற்கு மேலும் உள்ள காய்ச்சல், புண் சிவந்து வீங்குதல், நீரோ சீழோ கசிதல், ஒரு மணி நேரத்தில் ஒரு துணி நனையும் குருதிப்போக்கு, துர்நாற்றமுள்ள போக்கு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், மார்வலி, கடுந்தலைவலியோடு பார்வை மங்குதல். இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வும் நோயே. அதைக் குறையாகப் பேசலாகாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் குளிர்ந்தாலும், நிமிடத்திற்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலும் காத்திருக்கக் கூடாது.

அடுத்த கர்ப்பம்

சிசேரியன் ஆன பெண்ணின் கருப்பையில் ஒரு தழும்பு நிலைத்துவிடுகிறது. அடுத்த கர்ப்பத்திற்கு இரண்டாண்டு இடைவெளி விடுதல் நலம். ஒருமுறை கீழ்ப்பகுதியில் கீறப்பட்டவர்களுள் தக்கவர் அடுத்த முறை இயல்பாகவே பெற முயலலாம். அவ்வாறு முயல்வோரில் நால்வருக்கு மூவர் அளவில் வெற்றி பெறுகின்றனர். ஆனால் இருநூறு பேரில் ஒருவருக்குத் தழும்பு பிளக்கக்கூடும். பிளந்தால் நிமிடக் கணக்கில் அறுவை வேண்டும். ஆகவே இப்பெண்கள் துணைநிலையத்திலோ வீட்டிலோ பிரசவித்தல் கூடாது.

எவ்வகைக் கீறல், என்ன காரணம் என்பவற்றைக் கூறுவது ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டே. சில ஆண்டுகளுக்குப்பின் வேறொரு தீவில், வேறொரு டாக்டர் முன் அத்தாய் நிற்கும்போது அவள் உடலுக்குள் நடந்ததைச் சொல்லவல்லது அது ஒன்றே. அதனைப் பத்திரப்படுத்தச் செய்வதும், அதன் பிரதியொன்றைத் துணைநிலையப் பதிவேட்டுடன் சேர்த்துவைப்பதும், கர்ப்பம் உறுதியானதும் அடுத்த பயணத்திற்குரிய வாரத்தை அப்பதிவேட்டில் குறித்துக்கொள்வதும் களப் பணியாளர் உடனே செய்யத்தக்க பணிகளாகும்.