காவல் புரியும் புரதங்கள்

வளர வேண்டிய காலத்தில் வளர்வதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் உயிரின் இயல்பு. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் இந்த ஒழுங்கு உண்டு. ‘போதும், நில்’ என்று சொல்லும் காவலர்களாகச் சில புரதங்கள் அங்கே பணிபுரிகின்றன. அந்தக் காவல் குலைந்தால் புற்றுநோய் தலைதூக்குகிறது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் அமைந்த பிராஸ்டேட் சுரப்பியைக் கொண்டு இதனைக் காண்போம்.

அச்சுரப்பியின் உயிரணுவுக்கு ‘வளர்க’ என்னும் செய்தி வெளியிலிருந்து வருகிறது. உடனே ஒரு நொதி, உயிரணுவின் உறையிலுள்ள கொழுப்புப் பொருளில் பாஸ்பேட் ஒன்றைச் சேர்க்கிறது. பச்சை விளக்கு ஏற்றியது போன்ற செயல் இது. அதைக் கண்டு ‘ஏ.கே.டி.’ என்னும் புரதம் விழித்தெழுந்து வளர்ச்சிப் பணிகளை முடுக்கிவிடுகிறது. 1997இல் கண்டறியப்பட்ட ‘பிடென்’ என்னும் புரதத்தின் வேலை என்ன? சேர்த்த பாஸ்பேட்டை நீக்கி, விளக்கை அணைப்பதே. பிடென் இல்லையேல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உயிரணு பெருகிக்கொண்டே போகும். மடிய வேண்டிய நேரத்திலும் மடியாது. உடலெங்கும் பரவி முற்றிய பிராஸ்டேட் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40இல் பிடென் பழுதுபட்டோ அழிந்தோ இருக்கிறது.

ஒரு காவலன் வீழ்ந்ததும் கோட்டை வீழ்ந்துவிடுமா? 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. எலிகளின் பிராஸ்டேட்டில் பிடெனை நீக்கினர். உயிரணுக்கள் பெருகத் தொடங்கின. ஆனால் ‘பி53’ என்னும் மற்றொரு புரதம் எழுந்து, பலவற்றை முதுமை நிலையில் நிறுத்தி வைத்தது. நோய் வந்தது, எனினும் மெல்லவே வளர்ந்தது. பி53ஐ மட்டும் நீக்கிய எலிகளின் பிராஸ்டேட்டில் கட்டி தோன்றவில்லை. இரண்டையும் நீக்கியபோதோ நோய் விரைந்து முற்றி எலிகளைக் கொன்றது. ஒரு காவல் தளர்ந்தால் மற்றொன்று தாங்குகிறது. இரண்டும் போனால் தடுப்பார் இல்லை.

இவ்வறிவால் நோயாளிக்கு என்ன பயன்? எந்தக் காவல் போயிற்று என்று தெரிந்தால், அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். மரபணுவில் நேரும் முறிவுகளைச் செப்பனிடும் ‘பி.ஆர்.சி.ஏ.2’ என்னும் புரதமும் இக்காவலர் கூட்டத்தைச் சேர்ந்ததே. அதை இழந்த புற்றணு, ‘பார்ப்’ என்னும் வேறொரு நொதியின் செப்பனிடும் பணியை நம்பி வாழ்கிறது. அந்த நொதியையும் தடுத்துவிட்டால் புற்றணு மடிகிறது. அவ்வாறு தடுக்கும் ஒலாபரிப் என்னும் மருந்துக்கு, முற்றிய பிராஸ்டேட் புற்றுநோயில் இத்தகைய குறை உடையவர்களுக்காக, 2020இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

நண்பர்களே! பி.ஆர்.சி.ஏ.2 குறை பெற்றோரிடமிருந்து மக்களுக்கு வரக்கூடியது. பெண்களுக்கு மார்பிலும் சூலகத்திலும் புற்றுநோய் தோன்ற இதே குறை காரணமாகலாம். ஆகவே தந்தையின் நோயைப் பற்றிப் பேசும் மருத்துவரிடம் அத்தையின் நோயையும் பாட்டியின் நோயையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இவை வெளியே சொல்லக் கூசும் நோய்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கூச்சத்தை விட்டுக் கேட்டறியுங்கள். அந்த ஒரு செய்தி ஓர் உயிரைக் காக்கலாம்.