மலைச்சாரலில் நுரைக்கும் திராட்சை மது

தன்னாமுனை என்னும் ஊரின் வாவிக்கரைத் தென்னையிலிருந்து இறக்கிய கள், முட்டிக்குள் நுரைத்துப் பொங்குவதைக் கண்டவர்களுக்கு, சர்க்கரையை உண்ணும் மதுவம் என்னும் நுண்ணுயிர் மதுசாரத்தையும் கரியமிலவாயுவையும் பிறப்பிக்கின்றது என்னும் இயற்கை நியதி புதிதன்று. அவ்வாயுவை வெளியேற விடாது போத்தலுக்குள்ளேயே தங்கச் செய்வதுதான் நுரைக்கும் திராட்சை மதுவின் இரகசியமாகும்.

பிரான்சு தேசத்து ஷாம்பெயின் பிரதேசத்திலே புகழ்பெற்ற இவ்வித்தையை, 1980களில், மகாராஷ்டிர மாநிலத்து நாராயண்காவ் என்னும் ஊரில், சகியாத்திரி மலைத்தொடரை அடுத்த திராட்சைத் தோட்டங்களைக் கொண்டு, பிரெஞ்சு நிபுணர்களின் துணையோடு ஷாத்தோ இந்தாஜ் நிறுவனம் கைக்கொண்டு, ‘ஓமர் கய்யாம்’ என்னும் மதுவைத் தயாரித்து அயல்நாடுகளுக்கும் அனுப்பியது.

உஷ்ணப் பிரதேசத்திலே கடுங்குளிர் இல்லாமையால் கொடி உறங்குவதில்லை. ஆதலின் கோடையில் ஒருமுறையும் மழை ஓயுங்காலத்தில் மறுமுறையுமாகக் கவாத்துச் செய்து, ஆண்டின் முதல் மாதங்களிலே கனி பறிக்கின்றனர். புளிப்புக் குன்றாதிருக்கும் பொருட்டு, முற்றப் பழுக்குமுன்னரே பறித்துப் பிழிந்து, முதல் நொதிப்பு முடிந்த மதுவிலே லீற்றருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் மதுவமும் சேர்த்து இறுக அடைத்தால், போத்தலுக்குள் ஏறத்தாழ 6 வளிமண்டல அமுக்கம் உண்டாகின்றது. பின்னர்ப் போத்தலைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, கழுத்திலே திரண்ட மண்டியை அகற்றி மீண்டும் அடைக்கின்றனர்.

அயல்தேசத்து வித்தையேயாயினும், தம் மண்ணின் பருவத்தை அறிந்து பொறுமையோடு உழைப்பவர்க்கு அது வசமாகும் என்பதற்கு இம்முயற்சி தக்க சான்றாகும்.