எந்தப் பக்கம் கேப்டன்?

விமானத்தில் கேப்டன் அமர்வது இடது இருக்கையில். பெரும்பாலான ஹெலிகாப்டர்களிலோ வலது இருக்கையில்! பயிற்சியும் அப்படித்தான், வேறு வேறு. சிறிய பயிற்சி விமானத்தைச் சீராகப் பறக்க வைத்துவிட்டால், கையை எடுத்தாலும் சற்று நேரம் தானே பறக்கும். சிறிய பயிற்சி ஹெலிகாப்டரில் அந்தச் சலுகை கிடையாது. வலது கையில் சாய்வைக் கட்டுப்படுத்தும் பிடி, இடது கையில் ஏற்ற இறக்கத்துக்கான நெம்புகோல், கால்களுக்கு இரண்டு மிதிகள். ஒன்றை அசைத்தால் மற்றவற்றையும் உடனே திருத்த வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிறுத்துவதுதான் மாணவர்களைப் படாதபாடு படுத்தும் பாடம். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு, விமானம் என்றால் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், ஹெலிகாப்டருக்கு 150. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பறக்க ஆசையா? மருத்துவப் பரிசோதனையை முதலில் முடியுங்கள், கட்டணம் கட்டுவது அப்புறம்.