பூசணிக்காயை வைத்திருப்பதும் பழுதை அறிவதும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை வீடு வளவை விட்டு எழுப்பின. உறவினர் வீட்டிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருக்கும் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் மரக்கறி பூசணிக்காய். சிங்களச் சகோதரர் வட்டக்கா என்பது இதைத்தான். நன்கு முற்றிய காய் நமது காலநிலையில் இரண்டு மாதமளவு நிற்கும். தம்புள்ளையில் விலை விழும்போது முழுக்காயாக வாங்கிப் போடலாம்.

ஆனால் எல்லாக் காயும் நிற்காது. நகத்தால் அழுத்தும்போது தோலில் தடம் விழுந்தால் அது பிஞ்சு. அந்த வாரமே கறியாக்குங்கள். பறிக்கும்போது காம்பில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்குவது நம் எல்லோரிடமும் உள்ள கெட்ட பழக்கம். காம்பு கழன்ற குழிதான் அழுகலுக்கு வாசல். பின்னர் பத்து நாளளவு மழை படாத, காற்றோட்டமான, வெதுவெதுப்பான இடத்தில் உலர விட்டால் தோல் இறுகும், சிறு கீறலும் ஆறும்.

ஈரத் தரையில் வைக்காதீர்கள். மார்கழி மழையில் கண்டிப் பக்கத்துச் சீமெந்துத் தரையும் வியர்க்கும். பலகை அல்லது வைக்கோல் மீது, ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். இடமில்லாவிட்டால் பாட்டிமார் செய்ததுபோல உறியில் தொங்கவிடலாம். பழுக்கும் வாழைக்குலையின் அருகே வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு காயைச் சீக்கிரம் கெடுக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 10 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் நெடுநாள் இருந்தால் முழுக்காய் பழுதாகும்.

வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் புரட்டி, அடிப்பக்கத்தையும் காம்படியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமிழ்ந்தால், நீர் கசிந்தால், பூஞ்சணம் பிடித்தால், புளித்த வாடை வந்தால் உடனே பிரித்தெடுங்கள். ஒன்று அழுகினால் பக்கத்துக் காய்க்கும் தொற்றும். வெட்டியபின் சதை வழுவழுத்து நார்நாராகப் பிரிந்தால், அல்லது புழு நெளிந்தால், கிடங்கு வெட்டிப் புதையுங்கள். விதை முளைத்திருப்பது மட்டும் பழுதல்ல. சதை இறுக்கமாக, நல்ல வாசத்தோடு இருந்தால் சமைக்கலாம்.

வெட்டிய துண்டை விதையும் குடலும் நீக்கி அன்றே சமைப்பது நல்லது.

கசப்பு வேறு விடயம். வெளியே அழகாயிருக்கும் காயும் சிலவேளை கடுமையாகக் கசக்கும். அது நஞ்சு; அவித்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். ஆகவே சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால், பிள்ளைகள் பசியோடு இருந்தாலும், அந்தக் காயைக் கொட்டிவிடுங்கள். அதன் விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.