அமெரிக்க நகரங்களும் நம் ஆவலும்



பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை அடுத்துள்ள நூம்பல் என்னும் ஊரில் வாழ்கிறவன் நான். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். அப்பெண் மேற்படிப்பிற்காகப் பாஸ்டன் நகருக்குப் புறப்பட இருந்தாள். வணங்கி எழுந்தவள், "ஐயா, அமெரிக்காவில் எந்தெந்த நகரங்களை நான் பார்க்க வேண்டும்?" என்று கேட்டாள். அன்று அவளுக்குக் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

அதற்கு முன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய தந்தை ஏழாம் வகுப்பில் என்னிடம் பயின்றபோது, 'நான் காண விரும்பும் நகரம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் மதுரை என்றும் டில்லி என்றும் எழுதினர். செங்கற்சூளைத் தொழிலாளி ஒருவரின் மகனான அவர், 'நியூயார்க்' என்று எழுதியிருந்தார். "முதலில் சென்ட்ரல் நிலையத்தைப் போய்ப் பார், நியூயார்க் பிறகு ஆகட்டும்" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அதன் பிறகு அச்சிறுவன் எழுதிய எந்தக் கட்டுரையும் நான்கு வரிக்கு மேல் நீண்டதில்லை. ஏன் நியூயார்க் என்று நான் கேட்கவேயில்லை. 'ஏன்' என்று கேட்பதன்றோ ஆசிரியனின் தொழில்!

நாம் கண்ணாற் காணாத நகரத்தின்மீது நமக்கு ஆவல் எவ்வாறு பிறக்கிறது? ஏதோ ஓர் இழை அந்நகரத்தையும் நம்மையும் இணைக்கிறது. ஆங்கிலேயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் பலருக்கு அமெரிக்க நகரங்களைக் காண்பது நெடுநாளைய கனவு. பாஸ்டன் என்பதே இங்கிலாந்தின் லிங்கன்ஷயர்ப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்கிருந்து சென்றவர்கள் 1630-ஆம் ஆண்டில் புதிய ஊருக்கு அப்பெயரைச் சூட்டினர். யார்க் கோமகனின் பெயரால் 1664-இல் நியூயார்க் பெயர் பெற்றது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் அமெரிக்கா சென்றபோது முதலில் இறங்கியது பாஸ்டனில்தான். மொழி ஒன்று, உறவு பழையது. பின்னாளில் திரைப்படங்கள் அந்த ஆவலை மேலும் வளர்த்தன.

அவர்களுக்கு அத்தகைய இழை உண்டு. நமக்கு என்ன உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நமக்கும் உண்டு. அவற்றுள் இரண்டு, சென்னைக் கடற்கரையில் உள்ள ஒரே கட்டடத்தில் வந்து சேர்கின்றன.

திருவல்லிக்கேணிக் கடற்கரைச் சாலையில், வட்ட வடிவான முகப்புடன் நிற்கும் ஐஸ் ஹவுஸை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். பாஸ்டன் வணிகரான பிரடெரிக் டியூடர் என்பவரின் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் அது கட்டப்பட்டது. பாஸ்டனைச் சுற்றியுள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அந்தப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றினார்கள். 1833-இல் அவருடைய முதற் கப்பல் கல்கத்தாவுக்கு வந்து சேர ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. மரத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பாளங்களை நெருக்கி அடுக்கினால் காற்றுப் படும் பரப்பும் குறையும். இயற்பியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் பாடம், அந்நாளில் கடல் கடந்து வணிகம் செய்தது! ஹென்றி டேவிட் தோரோ 'வால்டன்' என்னும் தம் நூலில், தாம் வாழ்ந்த ஏரிக்கரையில் பனி அறுக்கப்பட்டதை விவரிக்குமிடத்துச் சென்னையின் பெயரையும் குறிப்பிட்டுள்ளார். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்த பின் இவ்வணிகம் மறைந்தது.

அதே கட்டடத்தில்தான் 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கினார். 1963-இல் அவர் பெயரையே அது பெற்றது. 1893 செப்டம்பர் 11-ஆம் நாள் அவர் சிகாகோ சர்வசமயப் பேரவையில் பேசினார். அப்பயணத்திற்குப் பொருள் திரட்டியவர்களுள் முதன்மையானவர் சென்னைப் பள்ளி ஆசிரியரான அளசிங்கப் பெருமாள். வீடு வீடாகச் சென்று நன்கொடை கேட்ட அந்த ஆசிரியர் சிகாகோவைக் கண்டதில்லை. பேரவை கூடிய கட்டடம் இன்று சிகாகோவின் கலைக்கூடமாக விளங்குகிறது. அதே நகரின் பல்கலைக்கழகத்தில் 1937 முதல் பணியாற்றி, 1983-இல் நோபெல் பரிசு பெற்றவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இனி, நியூ ஹேவன். அங்குள்ள யேல் பல்கலைக்கழகம் எலிஹு யேலின் பெயரைத் தாங்கியது. பாஸ்டனில் பிறந்த அவர், 1687 முதல் 1692 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். கீழை நாட்டில் ஈட்டிய செல்வத்திலிருந்து அவர் அனுப்பிய நூல்களுக்கும் சரக்குகளுக்கும் நன்றியாக, 1718-இல் அக்கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் தம் பதவியைப் பயன்படுத்தித் தமக்கென வாணிகம் செய்தார் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பதவி இழந்தவர் அவர். அவர் காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். ஆகவே, பெருமை தரும் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாகாது. இரண்டையும் அறிந்து செல்பவனே கற்றறிந்த பயணி.

நியூயார்க்கிற்கும் நம்மவர் ஒருவரின் கதை உண்டு. கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் அங்கே ஒளிப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு உதித்தது. உலகெங்கும் அலைந்து பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் அப்படத்தை வெளியிட்டார். பின்னர் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவின் வாயிலை அகலத் திறந்தபோது நம்மவர் பலர் அங்கே குடியேறினர். 1976-இல் பிட்ஸ்பர்க் அருகே வேங்கடேசுவரர் கோயிலும், 1977-இல் நியூயார்க்கின் பிளஷிங் பகுதியில் விநாயகர் கோயிலும் குடமுழுக்குக் கண்டன. பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் பலருக்கு இன்று இவையும் யாத்திரைத் தலங்கள்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கேட்காதிருந்த வினாவைத் தந்தையிடம் கேட்டேன்: "அன்று ஏனப்பா நியூயார்க் என்று எழுதினாய்?"

அவர் சற்றுத் தயங்கினார். "முடிதிருத்தும் கடையில் ஒரு நாள்காட்டி தொங்கியது, ஐயா. கடல் நடுவே ஓர் அம்மா விளக்கேந்தி நிற்கிற படம். இருட்டில் வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று நிற்கிறாள் போலும், அவளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது" என்றார்.

1886-இல் நிறுவப்பட்ட அச்சிலைக்கு, உலகிற்கு ஒளியூட்டும் விடுதலை என்பதே அதைச் செய்த சிற்பி இட்ட பெயர். எத்தனையோ இலட்சம் ஏழை மக்கள் கப்பலில் வந்து முதலிற் கண்டது அந்த விளக்கைத்தான். பன்னிரண்டு வயதுச் சிறுவன், எந்த நூலையும் படிக்காமல், படத்தைப் பார்த்தே அதன் பொருளை உணர்ந்திருக்கிறான். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைய வகுப்பில் அதுவே சிறந்த கட்டுரையாகியிருக்கும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும் ஐயா" என்று சொல்லி அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: "புறப்படுமுன் ஒரு மாலை ஐஸ் ஹவுஸைப் பார்த்துவிட்டுப் போ. பாஸ்டன் சேர்ந்ததும், உறைந்த ஏரி ஒன்றைப் பார்த்து எனக்கு எழுது. நியூயார்க்கிற்கு மட்டும் தனியே போகாதே. உன் தந்தையை வரவழைத்து அழைத்துக்கொண்டு போ."

மாணவ நண்பர்களே, எந்த நகரத்தைக் காண வேண்டுமென்றும் ஆசைப்படுங்கள். ஆசைக்குக் கூச்சம் வேண்டாம். ஆனால் 'ஏன்' என்பதற்கு விடையைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைத் தோழன் தன் கனவைச் சொன்னால் சிரிக்காதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.