வழி கேட்காமலே சுற்றலாம் ஷென்ஜெனை

மண்ணூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஷென்ஜென் அந்நியமான பெயரல்ல. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான், சீனாவில் முதன்முதலாக 1988-இல் ஆலை தொடங்கியது அந்த ஊரில்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் மின்சாரக் கார் நிறுவனம் பி.ஒய்.டி. 1995-இல் பிறந்ததும் அங்கேதான். 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஷென்ஜெனில், 2020 கணக்கெடுப்பின்படி வசிப்பவர்கள் சுமார் 1.75 கோடிப் பேர்.

வேலை நிமித்தம் அங்கே போகிறவர், விடுமுறை நாளில் ஊர் பார்க்கக் கிளம்பினால் மெட்ரோவே போதும். 2004 டிசம்பர் 28-இல் இரண்டு தடங்களோடு தொடங்கியது. இன்று 500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 2 யுவான், நம் பணத்தில் சுமார் 25 ரூபாய். இயந்திரத்தில் போக வேண்டிய நிலையத்தைத் தொட்டுப் பணம் கட்டினால் பச்சை நிறத்தில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் வில்லை விழும். உள்ளே போகும்போது அதைக் கதவில் காட்ட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட்டுவிட வேண்டும். பைகளை எல்லா நிலையங்களிலும் சோதிப்பார்கள். பெயர்ப்பலகைகளில் சீனத்தோடு ஆங்கிலமும் இருக்கிறது. வெளியேறும் வாசல்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து உண்டு. அதைப் பார்த்து வெளியேறுவது முக்கியம். வாசல் மாறினால், அகலமான சாலையின் மறுபக்கத்தில் நிற்க நேரிடும்.

அங்கே ஊர் சுற்றக் கிளம்பும் முன்பே ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். அலிபே அல்லது வீசாட் செயலியை நிறுவி, வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான வங்கி அட்டையை அதில் இணைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பெட்டிக்கடையைப் போலவே அங்கும் க்யூஆர் அட்டைதான் கல்லாப்பெட்டி, ஆனால் ஜிபே செல்லாது. கூகுள் வரைபடத்தையும் நம்ப முடியாது. உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்துவது ஆமேப்.

பார்க்க என்ன இருக்கிறது? மின்னணுத் துறையில் இருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் ஹுவாச்சியாங்பெய் சந்தை. ஒரு பெட்டியளவு கடையில் சிப்புகள், அடுத்ததில் திரைகள், அதற்கடுத்ததில் கேமராக்கள் என்று கைப்பேசியின் ஒவ்வொரு உறுப்பும் மாடி மாடியாக விற்பனைக்கு இருக்கும். குடும்பத்தோடு போனால் ‘உலகின் ஜன்னல்’ பூங்கா. 1994-இல் திறந்த இங்கே தாஜ்மகால் சிறு வடிவில் நிற்கிறது, ஈஃபிள் கோபுரம் 108 மீட்டர் உயரத்தில் எழுகிறது. 599 மீட்டர் உயரமுள்ள பிங் ஆன் கட்டடத்தின் பார்வை மாடத்திலிருந்து நகரைப் பார்க்கலாம். சைவச் சாப்பாடு தேடுகிறவர்களுக்கு ஹோங்ஃபா புத்தர் கோயில் கைகொடுக்கும்.

சாலையில் ஓடும் பேருந்துகளும் பார்க்க வேண்டியவையே. 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகள் அத்தனையும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. பெரும்பாலானவை பி.ஒய்.டி. தயாரிப்பு.

இவற்றையெல்லாம்விட மனதில் நிற்க வேண்டியது மெட்ரோவின் 4-ஆம் தடம். ஃபாக்ஸ்கான் வளாகம் இருக்கும் லோங்ஹுவாவுக்கு 2011-இல் அது வந்து சேர்ந்தது. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் விடுமுறை நாளில் ரயிலேறினால், நகர மையத்தின் லியன்ஹுவா மலைப் பூங்காவில் கட்டணமில்லாமல் மாலைவரை உலாவிவிட்டு, யாரையும் எதிர்பார்க்காமல் விடுதிக்குத் திரும்பிவிடலாம்.

ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தங்க நல்ல இடம் கிடைத்திருக்கிறது, மகிழ்ச்சி. ஷிஃப்டுக்குக் கூட்டிப்போகக் கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது. ஆனால் விடுமுறை நாளில் மெரினாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டுமென்றால் ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறி மாறி, இருட்டுவதற்குள் திரும்பும் கவலையோடுதான் போக வேண்டியிருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை மெட்ரோ நீட்டிப்புக்குத் தமிழக அரசு 2025-இல் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. முதற்கட்டம் சுங்குவார்சத்திரம் வரை, 27.9 கிலோமீட்டர். அந்தத் தடம் சீக்கிரம் வர வேண்டும். வரும்போது, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இருக்கும் மண்ணூர் போன்ற ஊர்களுக்கும் ஆலை விடுதிகளுக்கும் இரவு வரை ஓடும் இணைப்புப் பேருந்துகளையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.